பழைய ஃபைபர் படகு வெளிறிப்போனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டு முற்றத்தில் டிரெய்லர் மேல் நிற்கும் பழைய ஸ்கி போட்டுகளில் (கடற்கரையிலிருந்து அலையை உடைத்து இறக்கும் சிறு மீன்பிடிப் படகுகள்) பாதிக்கு மேல் ஒரே கோலத்தில்தான் இருக்கின்றன. சிவப்பு இளஞ்சிவப்பாகி, கருநீலம் சாம்பலாகி, வெள்ளை பளபளப்பு செத்துப்போய்க் கிடக்கும். உரிமையாளர் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். மறுநாள் பெயிண்ட் கடையில் நிற்பார்.

கொஞ்சம் பொறுங்கள். ஒருமுறை பெயிண்ட் அடித்துவிட்டால் அப்புறம் சில வருடங்களுக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை கடற்கரை மணலில் உரசும்போதும் அது பெயர்ந்து நிற்கும். வெளிறிய படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் செலவே தேவையில்லை. எது தேவை என்பதை அறிகுறி சொல்லும், கேட்கத் தெரிந்தால்.

முதலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். ஃபைபர் படகின் வெளிப்புறத்தில் இருப்பது பெயிண்ட் அல்ல, ஜெல்கோட். நிறமி கலந்த பாலியஸ்டர் ரெசின் அது. படகு செய்யும்போது அச்சில் முதலில் பூசப்படுவது, தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் இருக்கும் ரெசினை உடைக்கிறது. ரெசின் போனதும் அது பிடித்து வைத்திருந்த நிறமித் தூள் தளர்ந்து மேலேயே நிற்கிறது. அந்தத் தூள் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிப்பதால்தான் நமக்கு வெளிறிய நிறம் தெரிகிறது. கெட்டுப்போனது மிக மெல்லிய மேல் ஏடுதான். கீழே நல்ல ஜெல்கோட் காத்திருக்கிறது. ஆனால் மொத்தமே அரை மில்லிமீட்டர் என்பதால், தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்துதான் செலவாகிறது. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் கை தானாகவே அடங்கும்.

எதற்கும் முன்னால்: ஒரு குவளை தண்ணீர்

மேர்பேங்கில் ஒரு பெரியவர் வீட்டுப் பின்புறம், மாமரத்தடியில் வருடக்கணக்காக நின்ற படகு ஒன்று. பக்கவாட்டைக் கையால் தடவினேன். சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் ஒட்டுமே, அதுபோல உள்ளங்கை முழுக்க வெளிர்ரோஜாத் தூள். "தம்பி, இதுக்கு பெயிண்ட்தான் வழி, என்ன சொல்றே?" என்றார். ஒரு குவளை தண்ணீரை எடுத்து அதன்மேல் ஊற்றினேன். நீர் ஓடிய இடமெல்லாம் நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு. "அண்ணா, சிவப்பு உள்ளேதான் இருக்கு" என்றேன். நீர் காய்ந்ததும் மறுபடி ரோஜா நிறம் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

சோதனை இவ்வளவுதான். நனைத்தால் நிறம் திரும்பினால், பாலிஷ் போட்டு மீட்கலாம். நனைத்தும் திட்டுத்திட்டாகவே இருந்தால், அல்லது கீழே பச்சை கலந்த பழுப்பாக ஃபைபர் நார் தெரிந்தால், அந்த இடத்தில் ஜெல்கோட் தீர்ந்துவிட்டது. அங்கே பாலிஷ் மெஷினுக்கு வேலையில்லை.

இன்னொரு சந்தேகத்தையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். பழைய படகு பல கை மாறியிருக்கும். யாராவது முன்பே பெயிண்ட் அடித்திருக்கலாம். எங்காவது சில்லு பெயர்ந்த விளிம்பைப் பாருங்கள். மெல்லிய ஒரு நிறம், அதற்குக் கீழே வேறு நிறம் என்று அடுக்காகத் தெரிந்தால் அது பெயிண்ட். மறைவான இடத்தில் அசிட்டோன் நனைத்த துணியை வைத்துத் தேய்த்தால், சாதாரண எனாமல் இளகித் துணியில் வந்துவிடும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் இளகாது; அதற்கு சில்லு விளிம்புதான் சாட்சி. பெயிண்ட் ஜெல்கோட்டைவிடப் பலமடங்கு மெல்லியது. கீழே சொல்லும் கடின காம்பவுண்ட் (தேய்த்து வெட்டும் பசை), உப்புத்தாள் எதையும் அதில் போடாதீர்கள்.

கையில் தூள் ஒட்டுகிறது, நனைத்தால் நிறம் வருகிறது

இதுதான் அதிகம் காண்பது, முழுதாகச் சரியாவதும் இதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கழுவ வேண்டும், அதுவும் தண்ணீரைப் பீய்ச்சிய பிறகுதான் துணி. பிளஃப் பக்கம் படகு நிறுத்துபவர்களுக்கு நிலக்கரி முனையத்தின் கரித்தூள். வெருலம், டோங்காட் பக்கம் என்றால் கரும்புத் தோட்டம் எரிக்கும் மாதங்களில் வந்து விழும் கருஞ்சாம்பல். இரண்டையும் உலர்ந்த துணியால் துடைத்தால் கீறலும் தீற்றலும் மிச்சம். நீரில் ஓடவிட்டு, சோப்பு போட்டு, கடைசியில் எண்ணெய்ப்பசை நீக்கும் திரவத்தால் ஒருமுறை கழுவுங்கள். பழைய வாக்ஸும் சிலிக்கோனும் மேலே இருந்தால் காம்பவுண்ட் சறுக்கும், வெட்டாது.

அடுத்து சோதனைச் சதுரம். பக்கவாட்டில் ஓர் அடி சதுரத்தை மாஸ்கிங் டேப்பால் கட்டிக்கொள்ளுங்கள். மிகவும் மென்மையானதிலிருந்து தொடங்குங்கள்: மெல்லிய பாலிஷ். அதில் பளபளப்பு வந்துவிட்டால் அதோடு நிறுத்தலாம். வராவிட்டால் கடின காம்பவுண்ட். அதற்கும் அசையாவிட்டால் 1500 எண் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் (எண் குறையக் குறையக் கரடு கூடும்). அதுவும் போதாவிட்டால் 1000. எந்தப் படியில் நிறம் எழுந்து வருகிறதோ, படகு முழுவதற்கும் அங்கிருந்து தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே 600 தாளைக் கையில் எடுப்பவர்களை நானும் பார்க்கிறேன். அரை மில்லிமீட்டரில் கணிசமான பங்கை ஒரே சனிக்கிழமையில் செலவழித்துவிடுகிறார்கள்.

தாள் போட வேண்டி வந்தால், பரப்பின்மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, தாளுக்குப் பின்னால் மெத்தென்ற ரப்பர் கட்டை. கோடு எல்லா இடத்திலும் ஒரே சீராக மறைந்தால் போதும், நிறுத்துங்கள். பிறகு படிப்படியாக மென்மையான தாளுக்கு மாறுங்கள்: 1000 கிடைமட்டம் என்றால் 1500 செங்குத்து, 2000 மறுபடி கிடைமட்டம். திசை மாற்றினால்தான் முந்தைய தாளின் கோடு முழுதாகப் போயிற்றா என்று கண்ணுக்குத் தெரியும். தாள் போட்டதும் படகு இன்னும் மங்கித் தெரியும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

இப்போது மெஷின். சுழலும் பாலிஷ் மெஷினில் கம்பளி பேட், வேகம் நிமிடத்துக்கு 1000 முதல் 1800 சுற்றுக்குள். கோண கிரைண்டரில் பேட் மாட்டி வேலை செய்ய நினைப்பவர்கள் உண்டு. அதன் வேகம் 10,000 சுற்றுக்கும் மேல். ஜெல்கோட்டைக் கருக்கிவிடும், வேண்டாம். காம்பவுண்டை பேட்டில் அல்ல, படகின்மேல் நாலைந்து பொட்டாக வையுங்கள். மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் பேட்டாலேயே பரப்பிவிட்டால் முகத்தில் தெறிக்காது. இரண்டடி சதுரத்துக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். பேட் தட்டையாக இருக்க வேண்டும், நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நடுநடுவே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நகருங்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் வேலையில் ஒரு பகுதி. டர்பனின் கோடைக் காற்று ஈரம், வெயில் சுள்ளென்று இருக்கும். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் நல்ல காலம்: மழை குறைவு, பகல் இதமானது. (சார்டின் மீன் கூட்டம் கரையோரம் வரும் வாரங்களில் யாரும் படகைக் கையில் தரமாட்டார்கள், அது வேறு கதை.) ஆனால் உள்நாட்டிலிருந்து சூடான பெர்க் காற்று இறங்கும் நாளில் தொடவே வேண்டாம். காம்பவுண்ட் வைத்த நிமிடமே காய்ந்து, பொருக்குத்தட்டி, பேட்டில் கட்டியாகிவிடும். எந்த நாளானாலும் நிழலில் செய்யுங்கள். ஒரு பக்கம் வெயில் பட்டால் மறுபக்கம் போய்விடுங்கள். மின்வெட்டு அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டும் தொடங்குங்கள். பாதிச் சதுரத்தில் மெஷின் நின்றால் காய்ந்த காம்பவுண்டைக் கையால் எடுக்கும் வேலை சேர்ந்துகொள்ளும். எக்ஸ்டென்ஷன் வயர் ஈரத்தில் கிடக்கக் கூடாது, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் சோதித்துவிடுங்கள். மூக்குக்கு முகமூடி கட்டாயம்.

பாலிஷ் போட்ட அன்று ஜொலித்தது, இரண்டு வாரத்தில் மறுபடி மங்கல்

நிறைய பேருக்கு இங்கேதான் வெறுத்துப்போகிறது. காம்பவுண்ட் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை வேறு. நடந்தது என்னவென்றால், காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் நுண்துளைகளில் இறங்கி, தண்ணீர் செய்த அதே வேலையைச் செய்தது. அன்றைக்கு நிறம் காட்டியது, வெயிலிலும் மழையிலும் எண்ணெய் போனதும் பழைய மங்கல் வெளியே வந்துவிட்டது. கெட்டுப்போன ஏடு முழுதாக எடுபடவே இல்லை.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. காம்பவுண்ட் போட்டு முடித்த சதுரத்தை, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து நனைத்த துணியால் துடையுங்கள். எண்ணெய் போய்விடும். அதற்குப் பிறகும் பளபளப்பு நின்றால் அது உண்மையான பளபளப்பு. மங்கினால், அந்த இடத்துக்கு இன்னும் ஒரு சுற்று, அல்லது ஒரு படி கடினமான பொருள். இந்தத் துடைப்பு இல்லாமல் வாக்ஸ் போடவே கூடாது என்பது என் கட்சி.

வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கோடுகள்

நிழலில் அழகாக இருக்கும். கடற்கரைக்கு இழுத்துப் போனால் சுழல் சுழலாகத் தெரியும். கருநீலத்திலும் கறுப்பிலும் இது கண்ணைக் குத்தும், வெள்ளையில் யாருக்கும் தெரியாது. கம்பளி பேட் விட்டுச் சென்ற கோடுகள் அவை. அடுத்த படியான ஃபோம் பேடும் மெல்லிய பாலிஷும் விடுபட்டுப்போனதால் வந்தது. அவற்றைக் கொண்டு, குறைந்த வேகத்தில், அழுத்தம் கொடுக்காமல் ஒரு சுற்று போடுங்கள். அப்படியும் புதுக் கோடு விழுந்தால் பேட்டில் மணலோ காய்ந்த காம்பவுண்டோ இருக்கிறது. கழுவுங்கள், அல்லது வேறு பேட் மாற்றுங்கள். தரையில் விழுந்த பேட்டைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

பழுப்புக் கறை, துருக் கோடு

இது வெளிறல் அல்ல, கறை. தேய்த்து எடுக்க நினைத்தால் நல்ல ஜெல்கோட்டைத்தான் தேய்ப்பீர்கள். நீர்க்கோட்டு மட்டத்தில் பழுப்பாகப் படிவதும், ஸ்டீல் போல்ட்டுக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் வடிவதும் ஆக்ஸாலிக் அமிலத்துக்குக் கட்டுப்படும். படகுக் கடைகளில் ஜெல் வடிவில் கிடைக்கும். தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் காயாமல் பார்த்துக்கொண்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். டிரெய்லரின் துத்தநாகப் பூச்சில் அமிலம் சொட்டினால் அதை அரித்துவிடும். முன்கூட்டியே நனைத்து வைத்து, விழுந்ததும் கழுவிவிடுங்கள்.

மரநிழலில் நின்ற படகில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சை. அதற்கு நீர்த்த பிளீச். ஆனால் பிளீச்சும் அமிலமும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை முழுதாகக் கழுவி, வேறொரு நாளில் மற்றதை எடுங்கள்.

துருக் கோடு மறுபடி மறுபடி அதே இடத்தில் வந்தால் போல்ட்டைச் சுற்றியிருக்கும் சீலண்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீர் உள்ளேயும் போய்க்கொண்டிருக்கும். போல்ட்டைக் கழற்றி, புதுச் சீலண்ட் வைத்து மாட்டினால்தான் கோடு நிற்கும்.

பழைய எண், ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் அடர்நிறம்

ஸ்டிக்கர் அதன் கீழே இருந்த ஜெல்கோட்டை வெயிலிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. சுற்றியுள்ள பகுதி தேய்ந்து இறங்கிவிட்டது. எழுத்து கொஞ்சம் மேடாகக்கூட இருக்கும், நகத்தால் வருடினால் தெரியும். ஹேர் டிரையரால் சூடாக்கி ஸ்டிக்கரை உரித்து, பசையைத் துடைத்துவிட்டு, அந்தப் பகுதியோடு சுற்றுப்புறத்தையும் சேர்த்து 1500 தாளில் சமன் செய்து பாலிஷ் போடுங்கள். பெரும்பாலும் மறையும். கருநிறப் படகில் ஒரு நிழல் மிஞ்சும். அதன்மேலேயே புது எண்ணை ஒட்டிவிடுவது புத்திசாலித்தனம். பதிவெண்ணை உரித்தவர்கள் கடலுக்கு இறக்கும் முன் திரும்ப ஒட்ட மறக்காதீர்கள்.

தேய்க்கும்போதே நிறம் மாறி அடியில் ஃபைபர் தெரிகிறது

மெஷினை அணையுங்கள். விளிம்பு, மூலை, படகின் முன்முனையான அணியத்தின் கூர்ப்பகுதி, இங்கேதான் இது நடக்கும். அச்சில் ஜெல்கோட் பூசும்போதே விளிம்புகளில் மெலிந்துவிடுவதுண்டு. அதனால் விளிம்புகளில் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் டேப்பை எடுத்துக் கையாலேயே தேய்ப்பது பாதுகாப்பு. பேட்டும் விளிம்பிலிருந்து வெளிநோக்கிச் சுழன்று போகும்படி பிடிக்க வேண்டும். விளிம்பைக் கொத்திக்கொண்டு உள்ளே வரக் கூடாது.

ஏற்கனவே தெரிந்துவிட்டால் புது ஜெல்கோட் வைப்பதுதான் வழி. ரெசினோடு அதை இறுகச் செய்யும் ஹார்டனர் சுமார் 2 சதவீதம். டப்பாவில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். இந்த ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். காற்று படும் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். அதற்காக மெழுகு சேர்த்த ஜெல்கோட்டாக வாங்குங்கள், அல்லது பூசியதும் மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடிவிடுங்கள். நிறம் சேர்ப்பதைப் படகு முழுக்க பாலிஷ் முடிந்த பிறகு செய்யுங்கள். வெளிறிய நிறத்தோடு பொருத்திவிட்டு அப்புறம் பாலிஷ் போட்டால், ஒட்டுப்போட்ட இடம் தனியாகப் பல்லிளிக்கும்.

சிலந்தி வலை விரிசல், நீர்க்கோட்டுக்குக் கீழே கொப்புளம்

பாலிஷுக்குச் சம்பந்தமே இல்லை. விரிசல் என்றால் அந்த இடம் வளைந்துகொடுக்கிறது அல்லது அடி வாங்கியிருக்கிறது. அலையில் மோதி இறங்கும் ஸ்கி போட்டில் இது சாதாரணம் என்று விட்டுவிடாமல், உட்புறம் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி வந்தால் ஃபைபர் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். கொப்புளம் என்றால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. டிரெய்லரில் வாழும் படகுக்கு இது அபூர்வம், வருடம் முழுக்க நீரில் கட்டிக் கிடப்பவற்றுக்குத்தான் வரும்.

தளம் மட்டும் அழுக்கும் மங்கலுமாக

சறுக்காத கரடுமுரடுத் தளத்தில் பாலிஷ் மெஷின் வைக்காதீர்கள். முனைகள் தேய்ந்து சறுக்கும். பிரஷ்ஷும் சோப்பும் போதும். கால் வைக்கும் எந்த இடத்திலும் சாதாரண வாக்ஸ் கூடவே கூடாது. அலையை உடைத்துக்கொண்டு படகு எழும்பும் அந்த நொடியில் ஈரத் தளத்தில் நிற்பவருக்குப் பிடிப்புதான் உயிர். படகு அழகாக இருக்க வேண்டும் என்று தளத்துக்கும் வாக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தது, இந்தப் பளபளப்பு எவ்வளவு நாள்?

தேய்த்து எடுத்த பரப்புக்குக் காவல் இல்லை. அதே நாளில் வாக்ஸோ பாலிமர் சீலண்டோ (வாக்ஸ் போலவே மேலே பூசும் செயற்கைக் காப்பு) போட்டுவிடுங்கள், மெல்லிய பூச்சு இரண்டு முறை. கார்னௌபா வாக்ஸ் (ஒருவகைப் பனை இலை மெழுகு) ஆழமான பளபளப்புத் தரும், ஆனால் நம்மூர்க் கோடையில் சில மாதங்களில் போய்விடும். சீலண்ட் கூடுதல் காலம் நிற்கும். வெளியே நிற்கும் படகுக்கு சீலண்டே என் தேர்வு. மேலே தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருள வேண்டும். பாயாகப் பரவினால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. அப்போதே போட்டுவிட்டால் காம்பவுண்டைப் பல வருடம் தொட வேண்டியிருக்காது.

ஒவ்வொரு முறை கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு காயும் முன். மூடி வைக்க நீலத் தார்ப்பாயைப் படகின் மேலேயே இறுக்கிக் கட்டுவது மூடாமல் விடுவதைவிட மோசம். காற்றில் படபடத்து ஓரங்களைத் தேய்க்கும், உள்ளே ஈரம் அடைத்துப் பூஞ்சை பிடிக்கும். நடுவில் கழி வைத்துத் தூக்கி, இரு முனையும் காற்றோட்டமாக விட்டு, உரசும் இடங்களில் பழைய துண்டைச் சுற்றிக் கட்டுங்கள்.